ஊமைப்பட உலகில் ஹிமான்ஷு ராய்

மும்தாஜ் ஒரு குயவர் இல்லத்தில் வளர்ந்தவர் என்றால் நம் வரலாற்று மாணவர்கள் நகைப்பர். ஆயினும் 1928-இல் வெளிவந்த ‘ஷிராஸ்’ என்னும் ஊமைப்படம் அவ்வாறே கூறிற்று. அதனை உருவாக்கி, நாயகனாகவும் நடித்தவர் ஹிமான்ஷு ராய்.

1892-இல் வளமிக்க வங்காளக் குடும்பமொன்றில் பிறந்த ராய், சட்டம் பயில இலண்டன் சென்றார். நாடக மேடையோ அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. விடுதலை வீரர் விபின் சந்திர பாலரின் மைந்தர் நிரஞ்சன் பாலின் நட்பு அங்கே வாய்த்தது. பால் எழுதினார், ராய் நடித்தார். இந்திய மண்ணில், இந்திய நடிகரைக் கொண்டு படமெடுத்து உலகிற்குக் காட்டவேண்டும் என்பது ராயின் பேரவா. பொருளும் கருவியும் வேண்டி ஜெர்மனியின் மியூனிக் நகர நிறுவனமொன்றை நாடினார். இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டன் இந்தியா வந்தார். 1925-இல் வெளிவந்த அவர்களது முதற்படத்தில் ராய் புத்தராகத் தோன்றினார்.

அடுத்து வந்த ‘ஷிராஸ்’ பாலின் நாடகத்தைத் தழுவியது. ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் அதில் கூட்டுச் சேர்ந்தனர். குயவர் மகன் ஷிராஸ், தன்னோடு வளர்ந்த பெண்ணை உயிராய் நேசிக்கிறான். அவளோ அடிமையாக விற்கப்பட்டு, இளவரசர் குர்ரத்தின் துணைவியாகிறாள். அவள் மறைந்தபின் தாஜ்மகாலின் வடிவத்தை அமைப்பவன் அந்த ஷிராஸே. இத்தகைய கட்டடம் மீண்டும் எழலாகாது என அவன் கண்களைப் பறிக்க மன்னர் ஆணையிடுகிறார். அவன் முன்பே பார்வையிழந்தவன் என்பது பின்னரே தெரிகிறது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். வரலாற்று மும்தாஜ், ஆசப் கானின் மகள் அர்ஜுமந்த் பானு. 1631-இல் புர்ஹான்பூரில் தம் 14-ஆம் மகப்பேற்றின்போது மறைந்தார். கட்டடக் கலைஞராக அறிஞர் பலரும் குறிப்பிடுவது உஸ்தாத் அகமது லாகூரியை. சிற்பியரின் கண்ணையோ கையையோ ஷாஜகான் பறித்தார் என்பதற்குச் சான்றில்லை. அவ்வவதூறு இன்றும் ஆக்ராவுக்குச் சுற்றுலா செல்லும் நம் ஆவடி, அம்பத்தூர் மாணவர்களின் செவியிலும் விழுகிறது. அதற்குத் திரையுருவம் தந்தமை ராயின் குறையே எனக் கருதுகிறோம். எனினும் புகழுக்குரிய பேரரசரை விடுத்து, களிமண் பிசைந்த கைக்கு முதலிடம் தந்தாரே, அதனை எவ்வாறு பாராட்டாதிருப்பது! 2017-இல் படம் செப்பனிடப்பட்டு இலண்டனில் மீண்டும் திரையேறியது.

1929-இல் தேவிகா ராணியை மணந்த ராய், 1934-இல் மும்பை மாலாடில் ‘பாம்பே டாக்கீஸ்’ நிறுவினார். ஆஸ்டனும் ஜெர்மானியக் கலைஞர் சிலரும் அங்கும் உடனிருந்தனர். 1939-இல் போர் மூண்டதும் அவர்களை ஆங்கில அரசு பகைநாட்டவர் எனக் காவலில் வைத்தது. பதினான்கு ஆண்டுத் தோழமை அத்துடன் முறிந்தது. அடுத்த ஆண்டு மே 16-ஆம் நாள், ஐம்பது வயதையும் எட்டாமல் ராய் மறைந்தார்.