மெய்யறிவு தேடிய மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார்

நம் ஆர்.கே.பேட்டைப் பகுதி இல்லங்களிலும் ஹோமியோபதியின் வெண்ணிற இனிப்பு உருண்டைகளைக் காண்கிறோம். அம்மருத்துவத்திற்காகத் தம் புகழையே பணயம் வைத்த பெருமகனாரை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

1833இல் வங்கத்தில் ஹவுரா அருகே பிறந்த மகேந்திரலால் சர்க்கார், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். 1863இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்றார். ஹோமியோபதியை வன்மையாகச் சாடிய அவர், அதுபற்றிய நூலொன்றுக்கு மதிப்புரை எழுத முற்பட்டபோது, நேரிற் காணாது மறுத்தல் நெறியன்று எனத் தெளிந்தார். இராஜேந்திரலால் தத்தர் நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையைக் கவனித்தார், கருத்து மாறிற்று. 1867இல் மருத்துவர் அவையிலேயே அதனை அறிவித்தார். சக மருத்துவர் ஒதுக்கினர், வருவாய் குன்றியது. எனினும் அவர் பின்வாங்கவில்லை.

அம்மருந்தின் செய்முறையையும் நாம் அறிதல் வேண்டும். தாய்க்கரைசலில் ஒரு பங்கை 99 பங்கு எரிசாராயத்தில் கலந்து குலுக்குவர். அக்கலவையில் ஒரு பங்கெடுத்து மீண்டும் அவ்வாறே செய்வர். முப்பது முறை செய்தது முப்பதாம் வீரியம். அதனைச் சர்க்கரை உருண்டைகளில் ஊற்றி, நாவிலிட்டுக் கரையவிடுவர். பன்னிரண்டாம் படிக்கு மேல் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுதல் அரிது என்பது வேதியியல். வெற்று உருண்டையினும் மிகுந்த பயன் இதற்குண்டென இன்றைய ஆய்வுகள் நிறுவவில்லை. சிலரைக் கண்டு தெளிந்த சர்க்காரின் முடிவு பிழைபட்டிருக்கலாம். ஆராய்ந்து பார்க்க விழைந்த நேர்மை பிழைபடவில்லை.

அந்நேர்மையே 1876இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமாக மலர்ந்தது. 1904இல் அவர் மறைந்தார். 1928இல் நம் தமிழர் சர் சி.வி. இராமன் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டது அக்கழகத்தில்தான்.

அறிவு தேடலைக் கடமையெனக் கொண்ட நாம், ஏற்பதற்கு முன்னும் மறுப்பதற்கு முன்னும் ஆராய்வோமாக.