பந்தும் சிறையும்

இயற்பியல் பயிலும் நண்பர்கள் ஜேம்ஸ் சாட்விக் என்னும் பெயரை நன்கு அறிவர். 1932-இல் நியூட்ரானைக் கண்டறிந்த மேதை அவர். முதல் உலகப் போரின்போது அவர் ஜெர்மனியில் அகப்பட்டு, பெர்லினை அடுத்த ரூலேபன் முகாமில் அடைபட்டிருந்த வரலாற்றைப் படித்தேன். அதே முகாமில் இன்னொரு பெயர் கண்ணிற்பட்டது. அவர் விஞ்ஞானி அல்லர், கால்பந்தாட்டக்காரர். பெயர் ஸ்டீவ் புளூமர்.

1874 ஜனவரி 20-ஆம் நாள் இங்கிலாந்தில் கிராட்லி என்னும் ஊரில் பிறந்தார் புளூமர். சிறுவனாயிருந்தபோதே குடும்பம் டார்பி நகருக்குக் குடிபெயர்ந்தது. 1892-இல் டார்பி கவுண்டி அணியில் இடம் பெற்றார். வெளிறிய முகம், மெலிந்த உடல். பார்ப்பவர்கள் இவரா ஆட்டக்காரர் என்று ஐயுறுவார்கள். ஆனால் பந்து காலுக்கு வந்ததும், நின்று குறி பார்க்காமல், எந்தக் காலாலும் அடித்துவிடுவார். கோல் காப்பவர் அசைவதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். 1895 முதல் 1907 வரை தம் நாட்டுக்காக ஆடிய 23 ஆட்டங்களில் 28 கோல்கள் போட்டார். லீகின் முதற்பிரிவில் அவர் போட்ட கோல்களோ முந்நூறுக்கும் மேல்!

இத்தனை இருந்தும் ஒரு குறை. எப்.ஏ. கோப்பை அவர் கைக்கு எட்டவே இல்லை. 1898-இலும் 1899-இலும் இறுதி ஆட்டத்தில் டார்பி தோற்றது. 1903-இல் மறுபடியும் இறுதிக்கு வந்தபோது புளூமர் காயத்தால் ஆடவில்லை. அணி ஆறு கோல் வாங்கித் தோற்றது. இடையில் நான்கு ஆண்டுகள் மிடில்ஸ்பரோவுக்கு ஆடிவிட்டு, 1910-இல் டார்பிக்கே திரும்பினார். 1914-இல் ஓய்வு பெற்றார்.

அவ்வாண்டு ஜூலையில் பெர்லினில் ஒரு கழகத்துக்குப் பயிற்சியாளராகச் சென்றார். சில வாரங்களில் போர் மூண்டது. வந்த இடத்திலேயே பகைநாட்டவர் ஆனார். நவம்பரில் ரூலேபன் என்ற அந்தக் குதிரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான மனிதர்கள் குதிரை லாயங்களில் நெருக்கி அடைக்கப்பட்டார்கள். குதிரை நின்ற இடத்தில் மனிதர் படுத்தார்கள்.

அங்கே அவர்கள் என்ன செய்தார்கள்? சாட்விக் லாயத்துக்குள்ளேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆட்டக்காரர்கள் கால்பந்துச் சங்கம் அமைத்தார்கள். முன்பு பெரிய மைதானங்களில் ஆடியவர்கள் பலர் அங்கிருந்தனர். நாற்பதைத் தாண்டிய புளூமரும் அவர்களோடு ஆடினார். 1918-இல்தான் ஹாலந்து செல்ல விடுதலை கிடைத்தது.

மூன்றாண்டுகளுக்கும் மேலான சிறைவாசம். வேறொருவராயின், இனி அயல்நாடே வேண்டாம் என்று வீட்டோடு இருந்திருப்பார். புளூமரோ 1923-இல் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். இருன் என்ற சிற்றூரின் ரியல் யூனியன் அணிக்குப் பயிற்சியளித்தார். 1924-இல் அந்த அணி அரையிறுதியில் பார்சிலோனாவையும், இறுதியில் ரியல் மாட்ரிடை 1-0 என்ற கணக்கிலும் வென்று ஸ்பெயின் நாட்டுக் கோப்பையைத் தூக்கியது. தம் நாட்டில் தம் காலுக்கு எட்டாத கோப்பை, அயல்நாட்டில் பிறர் காலால் வந்து சேர்ந்தது!

பின்னர் டார்பிக்குத் திரும்பி, 1938 ஏப்ரல் 16-ஆம் நாள் காலமானார். 2009-இல் டார்பி கழகம் தன் மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தது.

கோல்களின் எண்ணிக்கையை எவரும் ஒருநாள் முந்திவிடலாம். ஜிம்மி கிரீவ்ஸ் முந்தியும் விட்டார். என் மனத்தில் நிற்பது அந்த எண்ணன்று. வித்தையைக் கற்பிக்கச் சென்ற நாட்டிலேயே சிறைப்பட்டும், அதைக் கற்பிக்க மீண்டும் கடல் கடந்தாரே, அந்தத் துணிவுதான். ஊரை விட்டு வந்து பயிலும் நாமும், ஒரு தேர்வில் சறுக்கியதும் பெட்டியைக் கட்டும் முன், அந்த லாயத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.