பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும், சமூகவியலாளரும், நகரத் திட்டமிடல் துறையின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். சென்னை மாகாண ஆளுநரின் அழைப்பை ஏற்று 1914ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த இவர், தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். பழைய வீடுகளை இடித்துத் தள்ளாமல் திருத்தி அமைக்க வேண்டும் என்ற இவரது கொள்கை பரவலாக அறியப்பட்டது. அக்கொள்கை உருவான விதம் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. எடின்பரோ நகரில் கடன் வாங்கிப் பழைய வீடுகளை விலைக்கு எடுத்து, பழுது பார்த்து, வாடகைக்கு விட்ட சிறு வீட்டு உரிமையாளராகவே கெடிஸ் இத்துறையில் முதலில் இறங்கினார்.

இளமைக்காலம்

கெடிஸ், ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் ஊரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்து, பெர்த் நகரில் வளர்ந்தார். தந்தையின் விருப்பப்படி அந்நகரின் வங்கி ஒன்றில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் பணி பயின்றார். பிற்காலத்தில் இவரது கணக்குகளைச் சீர்செய்ய நேர்ந்தவர்களுக்கு இச்செய்தி வியப்பளித்திருக்கக்கூடும். அதன்பின் இலண்டன் சென்று தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879ஆம் ஆண்டில் மெக்சிகோவுக்கு ஆய்வுப் பயணம் சென்றபோது சில காலம் பார்வையை இழந்தார். பார்வை திரும்பிய பின்னரும் நுண்ணோக்கியை நீண்ட நேரம் பயன்படுத்த முடியாமற் போனதால், இவரது நாட்டம் சமூக ஆய்வின் பக்கம் திரும்பியது.

வாடகை வீடுகள்

எடின்பரோவின் பழைய நகரம் குன்றின் முதுகில் அமைந்த பல மாடிக் கட்டடங்களைக் கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிய நகரம் எழுந்தபோது வசதி படைத்தோர் அங்கே குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற பெரிய வீடுகள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. சென்னையில் ஒண்டிக்குடித்தனம் எனப்படும் வாழ்க்கை முறையை அறிந்தவர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

இலண்டனில் ஒக்டாவியா ஹில் என்னும் பெண்மணி 1865ஆம் ஆண்டு முதல் ஒரு புதிய வழியைக் கையாண்டு வந்தார். ஜான் ரஸ்கின் தந்த பணத்தில் மூன்று பழைய வீடுகள் வாங்கப்பட்டன. முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருவாய் மட்டும் தரப்பட்டது. வாடகையில் அதற்கு மேல் எஞ்சியது பழுதுபார்ப்புக்கும் குடியிருப்போர் விரும்பிய வசதிகளுக்கும் செலவிடப்பட்டது. இம்முறையை எடின்பரோவில் பின்பற்றுவதற்காக 1885ஆம் ஆண்டளவில் எடின்பரோ சமூக ஒன்றியம் என்னும் அமைப்பு உருவாவதில் கெடிஸ் முக்கிய பங்கு வகித்தார்.

1886ஆம் ஆண்டில் லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகளான அன்னா மார்ட்டனை மணந்தார். அடுத்த ஆண்டில் இருவரும் பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் குடியேறினர். ஒரு காலத்தில் டேவிட் ஹியூமும் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் வாழ்ந்த அம்முற்றம் அப்போது சேரியாக இருந்தது. தம்பதியினர் அண்டை வீட்டாருடன் சேர்ந்து சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர், குப்பையை அகற்றினர், சன்னல்களில் பூச்செடிகள் வைத்தனர். இவர்களின் மூத்த மகள் நோரா அவ்வாண்டிலேயே பிறந்தாள் என்பதை நோக்க, இது எளிதில் எடுக்கக்கூடிய முடிவன்று.

அதே 1887ஆம் ஆண்டில் மவுண்ட் பிளேஸ் என்னுமிடத்தில் ஒரு வீடு ஏழு மாணவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. பல்கலைக்கழக விடுதி எனப்பட்ட இதில் காப்பாளர் எவரும் இல்லை; நிர்வாகத்தை மாணவர்களே கவனித்தனர். மாணவர் வாடகையில் ஒரு குறை உண்டு. கோடை விடுமுறையில் அறைகள் காலியாகிவிடும். ஆகத்து மாதங்களில் கெடிஸ் நடத்திய கோடைக்காலக் கல்விக் கூட்டங்களுக்கு வந்தோர் தங்கியதால் இக்குறை ஓரளவு நீங்கியது. ரிடில்ஸ் கோர்ட் என்னும் பழைய கட்டடமும் பின்னர் விடுதியாக மாற்றப்பட்டது. கோட்டைக்கு அருகே கவிஞர் ஆலன் ராம்சே கட்டிய வீட்டைச் சுற்றி, 1890களின் முற்பகுதியில் ராம்சே கார்டன் என்னும் அடுக்குமாடித் தொகுதி எழுந்தது. 1892இல் அவுட்லுக் டவர் என்னும் கோபுரக் கட்டடமும் இவர் கைக்கு வந்தது.

கடனும் நிறுவனமும்

இவற்றுக்கான பணம் பெரும்பாலும் கடனாக வந்தது. அன்னாவுக்குத் தந்தை வழியில் கிடைத்த சொத்தும் இவற்றில் போடப்பட்டது. ஒரு வீட்டை அடமானம் வைத்து அடுத்ததை வாங்குவது, வாடகையைக் கொண்டு வட்டி கட்டுவது என்ற முறை, வீடுகள் நிறைந்திருக்கும் வரை செல்லும். பழைய கட்டடங்களோ மதிப்பிட்டதை விட அதிகச் செலவை இழுத்தன. ஸ்காட்லாந்தில் அக்காலத்தில் வட்டியும் வாடகையும் மே, நவம்பர் என இரு தவணைகளில் தீர்க்கப்படுவது வழக்கமாக இருந்தது. தவணை நாள் வேலை முடியும் வரை காத்திருப்பதில்லை.

கெடிசின் நிலையான வருமானம் சிறிது. 1888ஆம் ஆண்டில் எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் பதவி இவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டில் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் கிடைத்த பதவி ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதப் பணியையே கொண்டது. மற்ற மாதங்கள் ஓய்வாகக் கிடைத்ததே அவர் மேலும் மேலும் வீடுகளை எடுத்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

நிலைமை கைமீறவே நண்பர்கள் தலையிட்டனர். 1896ஆம் ஆண்டில் டவுன் அண்ட் கவுன் சங்கம் என்னும் வரையறுக்கப்பட்ட பங்கு நிறுவனம் தொடங்கப்பட்டு, கெடிசின் சொத்துகளையும் அவற்றின் மீதிருந்த கடன்களையும் ஏற்றுக்கொண்டது. தனி மனிதரின் தோளிலிருந்த சுமை பங்குதாரர்களிடையே பிரிந்தது. கெடிசின் குடும்பம் நொடிந்து போகாமல் காத்தது இந்த ஏற்பாடே. ஆனால் முடிவெடுக்கும் உரிமை இயக்குநர்களுக்குச் சென்றது. வருவாயை முதலில் பார்த்த அவர்களுக்கும், சொத்துகளைத் தமது சோதனைக் களமாகவே கருதி வந்த கெடிசுக்கும் இடையே பிணக்குகள் எழுந்தன.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். ராம்சே கார்டன் அழகிய குடியிருப்பாக அமைந்தது. ஆனால் அங்கே குடியேறியோர் பேராசிரியர்களும் அவர்களை ஒத்த வசதியுடையோருமே. கூலித் தொழிலாளர் அந்த விலையைக் கொடுக்க இயலாது. இடத்தைச் சீர்செய்தால் ஏழைகளின் கைக்கு அது எட்டாமற் போகும் என்ற சிக்கலை கெடிஸ் முழுமையாகத் தீர்க்கவில்லை.

தமிழ்நாட்டில்

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு, முன்பு ஸ்காட்லாந்து அமைச்சராக இருந்தவர். அவரது அழைப்பின் பேரில் கெடிஸ், மகன் அலஸ்டயருடன் 1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தார். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த நகரக் கண்காட்சிப் பொருட்கள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் வந்தன. செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசிய எம்டன், அடுத்த மாதம் அக்கப்பலையும் மூழ்கடித்தது. நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய பொருட்களைக் கொண்டு 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தப்பட்டது.

நகராட்சிகள் அப்போது நெரிசலைப் போக்கப் பழைய தெருக்களின் ஊடாக நேரான அகன்ற சாலைகளை வெட்ட விரும்பின. கெடிஸ் இதை எதிர்த்தார். ஒரு தெருவை இடித்தால் அங்கிருந்தோர் மறைந்துவிடுவதில்லை. அவர்கள் பக்கத்துத் தெருக்களில் நெருக்கியடித்துக் குடியேறுவர், அங்கே வாடகை உயரும், நெரிசல் இடம் மாறும் என்பது அவரது வாதம். முற்றிலும் சிதைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடங்களைத் திறந்த வெளியாக்கி மரம் நட்டால் போதும் என்றார். காக்கும் அறுவை மருத்துவம் என்ற பொருள்படும் பெயரால் இம்முறையை அழைத்தார். தஞ்சாவூரில் இம்முறை, இடிப்புத் திட்டத்தை விடச் செலவு மிகக் குறைந்தது எனவும் காட்டினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை.

சென்னை மாகாணத்தில் நகரத் திட்டமிடற் சட்டம் 1920ஆம் ஆண்டில் நிறைவேறியது. இதற்கு முந்தைய ஆண்டுகளில் கெடிசின் துணைவரான கட்டடக்கலைஞர் லான்செஸ்டர் மாகாண அரசின் ஆலோசகராகப் பணியாற்றினார்.

இறுதிக்காலம்

1917 ஏப்ரலில் அலஸ்டயர் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தார். கல்கத்தாவில் காய்ச்சலால் படுக்கையில் கிடந்த அன்னாவிடம் கெடிஸ் இச்செய்தியைச் சொல்லவில்லை. அன்னா சூன் மாதத்தில் காலமானார். 1919 முதல் 1924 வரை கெடிஸ் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக இருந்தார். 1921இல் கொழும்பு நகருக்கும், 1925இல் டெல் அவிவ் நகருக்கும் திட்டங்கள் அளித்தார். பின்னர் பிரான்சின் மாண்ட்பெலியரில் குடியேறி அங்கும் ஒரு மாணவர் விடுதியை எழுப்பினார். பழைய வழக்கப்படி அதற்கும் பணம் தேட வேண்டியிருந்தது. 1932ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டு ஏப்ரலில் அங்கேயே காலமானார். ரிடில்ஸ் கோர்ட் கட்டடம் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டில் அவரது பெயரிலான கல்வி மையமாகத் திறக்கப்பட்டது.