காட்டிக்கொடுக்காத நாவு: பாப்பான் தாதி சிபில் கார்த்திகேசு

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகளில் பசியும் பயமும்தான் நிறைந்திருக்கும். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஆண்கள், கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸின் பெயரைக் கேட்டாலே அடங்கிப்போன ஊர்கள். அந்தக் காலத்தில் பேராக்கின் ஒரு சின்ன ஊரில் ஜெபத்தையும் மருந்துப் பெட்டியையும் துணையாகக் கொண்டு நின்றவர் சிபில் கார்த்திகேசு.

சிபில் 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். ஐரிஷ் வழிவந்த யுரேசியக் குடும்பம். தாயார் மருத்துவச்சி. சிபிலும் அதே வழியில் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார்.

1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயிண்ட் ஜான் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன், தைப்பிங்கில் பிறந்த தமிழர், டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு. அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த முதல் ஆண் குழந்தை ஒரு நாள்கூட முழுதாக உயிரோடு இல்லை. அந்தத் துயரத்தில் சிபில் முடங்கிவிடவில்லை. வில்லியம் என்ற சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்தார். பிறகு ஓல்கா, டான் என்ற இரண்டு மகள்களும் பிறந்தனர்.

1926 முதல் கணவனும் மனைவியும் ஈப்போ புருஸ்டர் சாலையில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், கிளினிக் நடத்தி வந்தனர். பிரசவம் என்றால் சிபிலைத் தேடி வருவோர் பலர். அவருக்கு ஜெபமும் இந்த வேலையும் வேறு வேறாக இருக்கவில்லை.

1941 டிசம்பரில் போர் வந்தது. ஈப்போ மீது குண்டுகள் விழுந்தன. ஜப்பானியப் படை நகருக்குள் நுழையச் சில நாட்களுக்கு முன், குடும்பம் பாப்பானுக்கு இடம் மாறியது. ஈயச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த அந்தச் சிற்றூரில் பெரும்பாலோர் சீனர்கள். அதன் பெரிய வீதியில் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் மீண்டும் மருந்தகத்தைத் திறந்தார்.

பகலில் ஊர் மக்கள் வந்தனர். இரவில் வேறு சிலர் பின்வாசலில் நின்றனர். அவர்கள் காட்டுக்குள் இருந்து ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாப் போராளிகள். குண்டடி பட்டவர்களும் காய்ச்சலில் துவண்டவர்களும் இருந்தனர். அவர்களுடைய படைக்குத் தலைமை தாங்கியது கம்யூனிஸ்டு கட்சி. கடவுளை மறுக்கும் கொள்கையுடைய கட்சி அது. சிபிலோ உறுதியான கத்தோலிக்கர். ஆனாலும் வாசலில் வந்து நின்றவரிடம் அவர் மதத்தைக் கேட்கவில்லை, கொள்கையையும் கேட்கவில்லை. காயத்தை மட்டுமே பார்த்தார். அயலானை நேசி என்ற போதனைக்கு அந்தப் பின்வாசலில் அவர் கண்ட பொருள் அதுதான்.

அதே வீட்டில் சிற்றலை வானொலி ஒன்றும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. லண்டன் பிபிசி செய்திகளைக் கேட்டு, நம்பிக்கையானவர்களுக்குச் சொல்லி வந்தார்கள். பிடிபட்டால் தலை போகும் குற்றம் அது.

1943இல் ரகசியம் வெளியானது. முதலில் டாக்டர் கார்த்திகேசு கைதானார். ஆகஸ்டு மாதம் சிபிலையும் பிடித்தனர். விசாரணைக்குப் பொறுப்பாக இருந்தவர் கெம்பெய்தாய் சார்ஜண்ட் யோஷிமுரா. சிகிச்சை பெற்ற போராளிகள் யார், உதவி செய்த ஊர்க்காரர்கள் யார், இந்தப் பெயர்கள்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அடி, உதை, வயிறு முட்டத் தண்ணீரை ஊற்றுவது என்று வதை நாள் கணக்கில் நீண்டது. சிபில் வாய் திறக்கவில்லை. பிறகு அவருடைய சின்ன மகள் டானைக் கொண்டுவந்தனர். ஏழு வயதுகூட நிரம்பியிருக்குமோ இல்லையோ என்ற வயது. தாயின் கண் முன்னே குழந்தையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு வைத்து மிரட்டினர். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. தன் பிள்ளையைக் காப்பாற்றப் பெயர்களைச் சொன்னால், வேறு எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகள் சாவார்கள். அப்போதும் அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. குழந்தை உயிரோடு இறக்கப்பட்டாள்.

இங்கேதான் சிபிலின் பக்தி எப்படிப்பட்டது என்று தெரிகிறது. ஜெபித்தவுடன் சிறைக் கதவு திறக்கவில்லை. அடி குறையவில்லை. அவர் பற்றிக்கொண்டிருந்த ஜெபம் தாங்கிக்கொள்ளும் பலத்தைத் தந்தது. தன்னை நம்பியவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பலமே போதுமானதாக இருந்தது. கல்வாரிப் பாடுகளைச் சிறு வயது முதல் தியானித்து வளர்ந்த பெண்ணுக்கு, துன்பம் என்பது கடவுள் கைவிட்டதன் அடையாளமாகத் தோன்றவில்லை.

முடிவில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்து, பத்து காஜா சிறையில் அடைத்தனர். ஜப்பான் சரணடைந்து 1945இல் அவர் வெளியே வந்தபோது, சொந்தக் காலில் நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே, பட்ட பாடுகளை நினைவுக் குறிப்புகளாக உருவாக்கினார். துளி இரக்கமும் இல்லை என்று பொருள்படும் தலைப்பில் அந்த ஆங்கில நூல் 1954இல் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கத்தை மட்டும், மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், மன்னர் ஆறாம் ஜார்ஜின் கையால் பெற்றார்.

சிறையில் தாடையில் வாங்கிய உதையின் காயம் ஆறவே இல்லை. அதிலிருந்து நஞ்சு இரத்தத்தில் கலந்து, 1948 ஜூன் 12ஆம் தேதி ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் காலமானார். வயது 48. முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. செயிண்ட் மைக்கல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் இப்போது உறங்குகிறார்.

ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் உண்டு. பாப்பான் 74ஆம் எண் வீடு அவர் நினைவைச் சொல்லும் இடமாயிற்று. ஆனால் அவர் விட்டுச்சென்றவற்றில் பெரியது கண்ணுக்குத் தெரியாதது. அவர் சொல்லாமல் விட்ட பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் போர் முடிந்து வீடு திரும்பினார்கள், மணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். ஒரு தாதியின் மௌனத்தால் பிழைத்த குடும்பங்கள் இன்றும் பேராக்கில் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கும். வேதனையிலும் விசுவாசத்தைக் காத்தவர் என்று அவரைச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.