மலைநாட்டுக்கு அச்சைக் கொண்டுசென்ற நடேசய்யர்

அறிவு எவருக்கு உரியது என்னும் வினா இந்நாளில் கணினியையும் கைத்தொலைபேசியையும் ஒட்டி எழுகின்றது. பிறர் எழுதிய பாடத்தைப் படியெடுத்து வழங்க ஆசிரியருக்கு உரிமை உண்டா, இணையம் எட்டாத ஊரில் வாழும் மாணவனுக்கு இணையப் பாடத்தால் விளையும் நன்மை யாது என்றெல்லாம் கல்வியாளர் ஆராய்கின்றனர். ஆயினும் வினா பழையது. தேயிலைத் தோட்டங்களுக்கு அச்சுத்தாளே புதுமையாயிருந்த நாளில், இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஒருவர் இவ்வினாவோடு தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அவரே தேசபக்தன் கோ. நடேசய்யர்.

தஞ்சை மண்ணிற் பிறந்த நடேசய்யர், தொடக்கத்தில் வாணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியராக விளங்கினார். 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழையும் நடத்தினார். கணக்குப் பதிவு, காப்புறுதி, எண்ணெய் எஞ்சின் முதலிய பொருள்களைப் பற்றித் தமிழில் நூல்கள் இயற்றினார். அக்காலத்தில் இத்துறைகள் ஆங்கிலம் கற்றோர்க்கே உரியனவாகக் கருதப்பட்டன. பேரேட்டை எழுதும் முறையும் எஞ்சினை இயக்கும் முறையும் தாய்மொழியில் கிடைத்தால் எளியவனும் தொழில் கற்பான் என்று எண்ணியவர் அவர். பிற்காலத்தில் அவர் ஆற்றிய பணிகளுக்கெல்லாம் வித்து இவ்வெண்ணத்திலேயே இருந்தது.

1915ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாக இலங்கைக்குச் சென்றார். தமிழகத்திலிருந்து சென்ற மக்கள் முதலிற் காப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடழித்து உருவாக்கிய தோட்டங்களைக் காண விரும்பினார். ஆனால் தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி அயலார் அடிவைத்தால் அத்துமீறல் வழக்கு வரும். ஆகவே அவர் புடவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குள் நுழைந்தார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அங்கே அவர் கண்டது வறுமை மட்டுமன்று. அறியாமையால் விளைந்த அடிமைத்தனமும் ஆகும். தொழிலாளியின் கடன் கங்காணியின் கணக்கில் வளர்ந்தது. அவனோ அக்கணக்கைப் படிக்க அறியான். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குக் கடன் தொகையைக் குறித்த 'துண்டு' வேண்டும். அத்துண்டில் எழுதியிருப்பது யாதென்பதும் அவனுக்குத் தெரியாது. எழுத்து அவனைக் கட்டும் கயிறாயிருந்தது. அந்த எழுத்தையே அவன் கையில் கொடுப்பது என்று நடேசய்யர் துணிந்தார். துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கடனும் கல்லாமையும் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

இலங்கையிலேயே தங்கிவிட்ட அவர், கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் 'தேசபக்தன்' தோன்றியது. அப்பத்திரிகையின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. அடுத்த ஆண்டில் சட்டநிரூபண சபையிலும் இடம்பெற்றார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் அவரோடு இணைந்து உழைத்தார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான போக்கு அவ்வியக்கத்தில் தலையெடுத்தபோது பிரிந்து வெளியேறினார். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து, தோட்டத்திற் கூலி வெட்டப்பட்ட காலம் அது.

ஹற்றனில் அவர் மேற்கொண்ட முறை ஆசிரியர்கள் கருத்தூன்றி நோக்கத்தக்கது. கூட்டம் கூட்டத் தோட்டத்தில் இடமில்லை. துண்டுப் பிரசுரமோ மடியில் மறைந்து உள்ளே சென்றது. சட்டம் தொழிலாளிக்கு அளித்த உரிமைகளையும் அவன் ஆற்றவேண்டிய கடமைகளையும் எளிய தமிழில் சிறு நூல்களாக அச்சிட்டார். 1937இல் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்னும் நாடகத்தையும் வெளியிட்டார். லயத்தில் எழுத்தறிந்தவன் ஒருவன் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். ஒரு தாளைப் பலர் பகிர்ந்துகொண்ட வகுப்பறை அது.

படிக்கவே அறியாதவருக்கு வழி காட்டியவர் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் மீனாட்சி அம்மையார். மக்கள் நாவிற் பழகிய மெட்டுகளில் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிப் பொதுக்கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்கள் சிறு பிரசுரமாகவும் வந்தன. தெரிந்த மெட்டில் அமைந்த பாட்டுக்கு ஏடும் வேண்டா, விளக்கும் வேண்டா. கொழுந்து பறிக்கும் மலைச்சரிவிலேயே அது மனப்பாடமாகும். பாரதியார் பாடல்களையும் இத்தம்பதியர் தோட்டங்களிற் பரப்பினர். அப்பாரதியின் பாடல்களே பின்னாளில் தனியார் உரிமைக்குள் அடங்கிக் கிடந்து, 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்ற பின்னர்ப் பொதுச் சொத்தாயின என்பதை இங்கு நினைத்தல் தகும். ஆக்கியோன் பெயர் நிலைக்க வேண்டும். ஆக்கம் மக்களிடம் செல்லவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே காப்பதே உரிமைச் சட்டத்தின் நேரிய பயன்.

1936இல் ஹற்றன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1947 வரை அங்கே தொழிலாளருக்காக வாதாடினார். அவர் எண்ணியவெல்லாம் நிறைவேறின என்று கூறுதல் இயலாது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிய பின் அவரது சங்கத்தின் செல்வாக்குத் தேய்ந்தது. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். 1947இல் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அவர் யாருக்காகப் பேசினாரோ அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

அவர் விட்டுச்சென்ற எழுத்தின் நிலை யாது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு, 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியன் மறைந்தபின் 70 ஆண்டுகள் பதிப்புரிமையைக் காக்கின்றது. அந்த நீண்ட கணக்கின்படி பார்ப்பினும், 2017 முடிவோடு நடேசய்யரின் நூல்கள் எவரும் அச்சிடத்தக்க பொதுவுடைமையாகிவிட்டன. ஆனால் சட்டத்தின் கதவு திறந்த மாத்திரத்தில் நூல் மாணவன் கைக்கு வந்துவிடாது. மலிந்த தாளில் அச்சான பிரசுரங்கள் அரியனவாயின. அத்தகைய தமிழ் ஏடுகளை மின்வடிவாக்கி விலையின்றி வழங்கும் பணியை 2005 முதல் நூலகம் என்னும் நிறுவனம் செய்துவருகின்றது. அதே சட்டம், கற்பித்தலுக்காக நியாயமான அளவில் படியெடுத்தலையும் குற்றமாகக் கொள்வதில்லை. இதனை அறியாது அஞ்சும் ஆசிரியர், தமக்குள்ள உரிமையைத் தாமே இழந்தவராவர்.

எனினும் மின்னேடு திறக்க ஒரு கருவியும் அலைவரிசையும் வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது, தோட்டப் பிள்ளைகள் பலர் அலைவரிசை தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறினர். நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் ஒரே கைத்தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் செல்லும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழியிலும் பாடங்களை இலவசமாக வைத்திருந்தது உண்மை; அதனை அடையும் வழி இலவசமாக இல்லை. அன்று துரையின் வேலி அறிவைத் தடுத்தது. இன்று கருவியின் விலையும் இணையக் கட்டணமும் அவ்வேலியின் இடத்தில் நிற்கின்றன.

நடேசய்யர் இந்நாளில் வாழ்ந்திருப்பின் யாது செய்திருப்பார் என்று ஊகிக்க வேண்டுவதில்லை; அன்று செய்ததே போதிய வழிகாட்டி. அறிவைத் தாய்மொழியில் எழுதினார், மலிவாக்கினார், ஒரு பிரதி பலருக்குப் பயன்படச் செய்தார். பாடங்களை ஒருமுறை இறக்கி இணையமின்றியே பலர் படிக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு தோட்டப் பள்ளியிலும் செய்தல் இன்று அரிதன்று. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் அவருடைய நூல்களையே முதற் பாடமாக அவ்வாறு வைப்பார்களாயின், அப்பெரியாருக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.