சகுந்தலையைச் சிலையாக்கிய பாரிஸ் மங்கை

1888-ம் ஆண்டு. பாரிஸ் நகரில் வருடந்தோறும் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியில் ஒரு புதிய சிலை வைக்கப்பட்டிருந்தது.

ஆள் உயரச் சிலை. ஓர் ஆண் மண்டியிட்டிருக்கிறான். தன் முன்னால் உள்ள பெண்ணை அண்ணாந்து பார்த்து, இரு கைகளாலும் அணைத்துப் பிடித்திருக்கிறான். அவள் கண்களை மூடிக் குனிந்து, அவன் மீது முகத்தைச் சாய்த்திருக்கிறாள். அவள் கை ஒன்று தன் நெஞ்சின் மேல் பதிந்திருக்கிறது.

அந்த ஆண், துஷ்யந்த மகாராஜா. அந்தப் பெண், சகுந்தலை. ஆம், காளிதாசரின் நாடகத்தில் வரும் அதே சகுந்தலைதான்!

அதைச் செய்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண். வயது 23. சிற்பி ரோடினின் மாணவி. பெயர், காமில் கிளோடல். அந்த மாணவியின் கைவேலைக்குக் கண்காட்சியில் பாராட்டுச் சான்றும் கிடைத்தது.

ஆணும் பெண்ணும் கொள்ளும் ஆசையைச் சிலையில் காட்ட ஒரு பெண் துணிந்தாள். அதற்காக அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

மண்ணில் வளர்ந்த கலை

காமில் பிறந்தது 1864-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி. பிரான்சின் வட பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில். தகப்பனார் பத்திரப் பதிவு அதிகாரி. காமில்தான் மூத்தவள். அவளுக்குப் பின் ஒரு தங்கை, ஒரு தம்பி. தம்பி பால் கிளோடல் பிற்காலத்தில் பெரிய கவிஞராகவும், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிரெஞ்சுத் தூதராகவும் விளங்கினார்.

சிறுமி காமிலுக்குக் களிமண்தான் உலகம். மண்ணைப் பிசைந்து தலைகளும் உருவங்களும் செய்வாள். வீட்டில் இருப்பவர்களைப் பிடித்து உட்கார வைத்து, அவர்கள் முகத்தை மண்ணில் கொண்டு வருவாள்.

தாயாருக்கு இது பிடிக்கவில்லை. பெண் பிள்ளைக்கு ஏன் இந்த அழுக்கு வேலை என்று எரிச்சல் பட்டார். தகப்பனாரோ மகளின் திறமையைக் கண்டு மகிழ்ந்தார்.

நோஜான் என்ற ஊரில் குடும்பம் வசித்தபோது, அல்பிரெட் பூஷே என்ற சிற்பி அந்தச் சிறுமியின் வேலைகளைப் பார்த்தார். இவள் சிற்பியாகவே பிறந்தவள் என்று கண்டுகொண்டார். 1881-ம் ஆண்டு காமில் தாயாருடனும் தங்கை, தம்பியுடனும் பாரிசுக்குக் குடி வந்தாள். தகப்பனார் மட்டும் உத்தியோகத்தின் பொருட்டு வெளியூரில் தங்கினார்.

மூடிய கதவு

பாரிசில் அரசாங்கக் கலைக் கல்லூரி ஒன்று இருந்தது. பெயர் பெற்ற கல்லூரி. ஆனால், பெண்களுக்கு அங்கே இடமில்லை. 1897-ம் ஆண்டில்தான் அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது.

அந்தக் காலத்துச் சிற்பக் கலைக்கு மனித உடலே அரிச்சுவடி. எலும்பு எங்கே முடிகிறது, தசை எங்கே புரள்கிறது என்று, ஆடையில்லாமல் நிற்கும் மனிதரைப் பார்த்து மாணவர்கள் வரைவார்கள். பிறகு அதை மண்ணில் செய்வார்கள். ஆண் அதைச் செய்தால் படிப்பு. பெண் செய்தால் வெட்கக்கேடு. இதுவே அன்றைய சமூகத்தின் கணக்கு!

கொலரோசி என்ற தனியார் கலைப்பள்ளி பெண்களையும் சேர்த்துக்கொண்டு, ஆண்களுக்குச் சொல்லித் தந்ததையே அவர்களுக்கும் சொல்லித் தந்தது. காமில் அங்கே சேர்ந்தார். தோழிகளோடு சேர்ந்து வாடகைக்கு ஓர் அறை பிடித்து, அதைச் சிற்பக் கூடமாக்கிக் கொண்டார். ஜெஸ்ஸி லிப்ஸ்காம் என்ற ஆங்கிலப் பெண் அங்கே அவருக்கு உற்ற தோழியானார்.

பூஷே அவ்வப்போது வந்து பாடம் சொல்லுவார். அவர் இத்தாலிக்குப் போக நேர்ந்தது. போகுமுன், இந்தப் பெண்களைக் கவனித்துக் கொள்ளும்படி ஒரு நண்பரிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த நண்பர்தான் ரோடின்!

குருவும் சிஷ்யையும்

ரோடின், காமிலைவிட 24 வயது மூத்தவர். அவரும் இளமையில் அடிபட்டவர். அதே அரசாங்கக் கல்லூரியில் சேர மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் தோற்றவர். காமில் அவரிடம் வந்த சமயம் அவர் புகழேணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளில் காமில் அவருடைய கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். சிலைகளில் செய்வதற்குக் கடினமானவை கைகளும் பாதங்களும். அவற்றைச் செய்யும் பொறுப்பை ரோடின் இந்த இளம் பெண்ணிடம் கொடுத்தார். ரோடினின் புகழ் பெற்ற சிலைகளில் காமிலின் உழைப்பும் கலந்திருக்கிறது.

குருவுக்கும் சிஷ்யைக்கும் இடையே காதல் அரும்பியது. ஆனால், ரோடினுடன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரோஸ் என்ற பெண்மணி குடும்பம் நடத்தி வந்தார். அவர்களுக்கு ஒரு மகனும் உண்டு. ரோஸைக் கைவிட ரோடினுக்கு மனமில்லை. காமிலை விடவும் மனமில்லை.

1886-ம் ஆண்டு அக்டோபரில் ரோடின் காமிலுக்கு ஒரு வாக்குறுதியை எழுதிக் கொடுத்தார். இனி வேறு மாணவிகளைச் சேர்த்துக் கொள்வதில்லை. காமிலை மணந்து கொள்வது என்பதே அதன் சாரம். அந்த வாக்கு கடைசி வரை நிறைவேறவில்லை.

ஏன் சகுந்தலை?

வாக்குறுதி எழுதப்பட்ட அதே ஆண்டில்தான் காமில் சகுந்தலைச் சிலையைத் தொடங்கினார்.

காளிதாசரின் சாகுந்தலம் 1830-ம் ஆண்டிலேயே பிரெஞ்சு மொழியில் வந்துவிட்டது. 1858-ம் ஆண்டு பாரிஸ் நகரின் பெரிய நாடக அரங்கில் அந்தக் கதை நாட்டியமாகவும் ஆடப்பட்டது.

கதை நமக்குத் தெரிந்ததே. காட்டில் சகுந்தலையைக் காந்தர்வ மணம் செய்த அரசன், முனிவரின் சாபத்தால் அவளை மறக்கிறான். நிறைமாதப் பெண்ணைச் சபையில் யாரென்று கேட்கிறான். மீன் வயிற்றில் கிடைத்த மோதிரத்தால் நினைவு திரும்புகிறது. ஆண்டுகள் பல கழித்து அவளைக் கண்டு காலில் விழுகிறான்.

இதில் முதல் சந்திப்பைச் சிலையாக்கலாம். பிரிவைச் சிலையாக்கலாம். காமில் தேர்ந்தெடுத்தது மன்னிப்பை! அரசன் மண்டியிடுகிறான். பெண் குனிந்து ஏற்கிறாள். அங்கே ஆசை இருக்கிறது. பட்ட வேதனையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே அணைப்பில் அவர் காட்டினார்.

எழுதிக் கொடுத்த வாக்குக்காகக் காத்திருந்த பெண்ணின் மனம் அந்தச் சிலையில் தெரிகிறது.

ஆணுக்கு ஒரு நீதி

சிற்பம் செய்வதற்குப் பணம் வேண்டும். முதலில் களிமண். அதிலிருந்து அச்செடுத்துப் பிளாஸ்டர். அதற்குப் பிறகுதான் சலவைக்கல்லோ வெண்கலமோ. கல்லுக்கும் உலோகத்துக்கும் ஆகும் செலவை ஏழைச் சிற்பி தாங்க முடியாது. அரசாங்கமோ செல்வந்தரோ வாங்க முன்வர வேண்டும்.

1888-ம் ஆண்டு, ரோடினின் ‘முத்தம்’ என்ற சிலையைச் சலவைக்கல்லில் செய்து தரும்படி பிரெஞ்சு அரசாங்கம் கேட்டது. ஆடையில்லாத காதலர் இருவர் தழுவிக்கொண்டிருக்கும் சிலை அது.

காமிலுக்கு நடந்தது என்ன?

ஆணும் பெண்ணும் இணைந்து நடனமாடும் சிலை ஒன்றை அவர் செய்தார். 1892-ம் ஆண்டு அதைச் சலவைக்கல்லில் செய்ய அரசாங்கத்தின் உதவி கேட்டார். பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வேலைப்பாட்டை மெச்சினார். ஆனால், உருவங்களுக்கு ஆடை இல்லையே, இது எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு ஆகாதே என்று தயங்கினார்.

காமில் மனம் தளரவில்லை. துணி எப்படி மடிகிறது, எப்படிப் பறக்கிறது என்று மாதக் கணக்கில் ஆராய்ந்தார். ஆடும் பெண்ணுக்கு அலைபோல் சுழலும் ஆடை அணிவித்தார். அதிகாரிக்குத் திருப்தி. இருந்தும் மேலிடத்திலிருந்து கல்லுக்கான உத்தரவு வரவே இல்லை!

சங்கீத மேதை தெபுஸ்ஸி அந்த நடனச் சிலையின் பிரதி ஒன்றைத் தம் அறையில் கடைசி வரை வைத்திருந்தார் என்பது மட்டுமே ஆறுதல்.

கோடுகளில் கோபம்

ரோடினை நம்பிப் பயனில்லை என்று காமிலுக்குத் தெரிந்துவிட்டது. தனியே பிரிந்தார். மனத்தில் பொங்கியதைக் காகிதத்தில் கோடுகளாக்கினார். ஒரு கேலிச் சித்திரத்தில் ரோடின் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடக்கிறார். ஒரு கிழவி துடைப்பத்தோடு காவல் காக்கிறாள்!

கேலி தீர்ந்த பிறகு சோகம் வந்தது. மூன்று உருவங்கள் கொண்ட ஒரு சிலையைப் படைத்தார். நடுவயது மனிதனை ஒரு மூதாட்டி இழுத்துச் செல்கிறாள். பின்னால் ஓர் இளம்பெண் மண்டியிட்டுக் கைகளை நீட்டுகிறாள். நீட்டிய கைகளுக்கும் அவன் கைக்கும் நடுவே வெறும் வெளி.

சகுந்தலைச் சிலையில் மண்டியிட்டவன் ஆண். இதில் மண்டியிட்டவள் பெண். இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகள்.

அரசாங்கம் இந்தச் சிலையைக் கேட்டிருந்தது. 1899-ம் ஆண்டு அதை வெண்கலத்தில் வார்க்கும் உத்தரவு ரத்தாயிற்று. பின்னர் ராணுவ கேப்டன் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் 1902-ம் ஆண்டு அதை வார்க்கச் செய்தார்.

1905-ம் ஆண்டு சகுந்தலையும் சலவைக்கல்லில் உருவானாள். ஆனால் பெயர் மாறிவிட்டது. ரோமாபுரிப் புராணத்தின் தேவதைகளான வெர்டும்னஸ், பொமோனா ஆகியோரின் பெயர்கள் அந்தக் கல்லுக்குச் சூட்டப்பட்டன.

முப்பது ஆண்டுச் சிறை

வறுமை நெருக்கியது. தனிமை வாட்டியது. மனம் பேதலிக்கத் தொடங்கியது. ரோடின் தம் கலையைத் திருடுகிறார், ஆள் வைத்து விஷம் கொடுக்கப் பார்க்கிறார் என்று காமில் அஞ்சினார். கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு இருட்டில் வாழ்ந்தார். தம் கையால் செய்த சிலைகளைத் தாமே சுத்தியலால் உடைத்தார்.

1913-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி தகப்பனார் காலமானார். மகளுக்குத் துணையாக இருந்த ஒரே உள்ளம் அது. அந்தச் செய்தியைக்கூடக் காமிலுக்குச் சொல்லவில்லை. எட்டாம் நாள் குடும்பத்தார் அவரை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் தென் பிரான்சில் உள்ள மற்றோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்.

1920-ம் ஆண்டில், காமில் அமைதியாக இருக்கிறார், குடும்பத்தோடு சேர்க்கலாம் என்று டாக்டர் யோசனை சொன்னார். தாயார் மறுத்துவிட்டார். 1929-ல் சாகும் வரை மகளைப் பார்க்க அவர் ஒருமுறைகூட வரவில்லை. தம்பி பால் எப்போதாவது வந்து போனார். பழைய தோழி ஜெஸ்ஸி தேடி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த முப்பது ஆண்டுகளில் காமில் ஒரு சிலைகூடச் செய்யவில்லை.

1943-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, 78-வது வயதில் அவர் உயிர் பிரிந்தது. அடக்கத்துக்கு உறவினர் யாரும் வரவில்லை. பின்னாளில் அவருடைய எலும்புகள் பொதுக் குழிக்கு மாற்றப்பட்டன. இன்ன இடத்தில் இருக்கிறார் என்று காட்ட ஒரு கல்லறைகூட இல்லை.

மீண்டும் திறந்த கதவு

ஆனால், சிலைகள் பிழைத்தன. 1952-ம் ஆண்டு பால் கிளோடல் தம் அக்காளின் படைப்புகள் சிலவற்றைப் பாரிசில் உள்ள ரோடின் காட்சிசாலைக்கு அளித்தார். அந்தச் சலவைக்கல் சகுந்தலையும் இப்போது அங்கேதான் இருக்கிறாள். குருவின் வீட்டிலேயே சிஷ்யையின் கலைக்கு இடம் கிடைத்தது.

சிறுமி காமிலைப் பூஷே கண்டெடுத்த நோஜானில், 2017-ம் ஆண்டு அவர் பெயராலேயே ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. உடைபடாமல் தப்பிய சிலைகள் பல அங்கே நிற்கின்றன.

பெண் படிக்கக் கூடாது என்று கல்லூரி மூடிய கதவும், பெண் செய்யக் கூடாது என்று அதிகாரி போர்த்திய ஆடையும் பழங்கதையாகிவிட்டன. சிலைகளைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். செய்தவர்தான் அதைப் பார்க்க இல்லை.