எழுத்துகளை எண்ணிய மனிதர்



'போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றையே இடம் மாற்றி வேறு என்னென்ன சொற்கள் வருகின்றன என்று பாருங்கள். ஸ்டாப், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ் என்று நான்கு சட்டென்று வந்துவிடும். ஐந்தாவதாக இன்னொன்றும் உண்டு. அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறேன்.

இந்தக் கோடை விடுமுறையில் நம் சங்க அறையில் பிள்ளைகள் ஸ்க்ராபிள் ஆடியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 'க்யூ' எழுத்துக்கு மட்டும் ஏன் பத்து மதிப்பெண், அதை யார் முடிவு செய்தது என்று என் பேத்தி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் ஆல்ஃபிரெட் பட்ஸ் என்பவரின் வாழ்க்கை. நம் பகுதிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பட்ஸ் 1899 ஏப்ரல் 13 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். கட்டடக் கலை படித்து நல்ல வேலையில் இருந்தார். தன் பள்ளி ஆசிரியையாக இருந்த நினாவையே மணந்துகொண்டார். 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, பெரும் பொருளாதார மந்தம் வந்தது. கட்டடம் கட்டுவோர் இல்லாமல் போனதால் 1931-ல் பட்ஸின் வேலையும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 32.

திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கம் இருக்கும் நமக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. வங்கியில் நான் கவுண்டரில் இருந்த நாட்களில், ஆலை கதவடைப்புக்குப் பிறகு சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் குறைவது அவர்கள் பாஸ்புக்கில் தெரியும். நாள் முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லாத வேதனை எந்தப் பாஸ்புக்கிலும் தெரியாது.

பட்ஸ் அந்த வெறும் நாட்களில் ஒரு கணக்கைத் தொடங்கினார். மக்கள் விரும்பும் விளையாட்டுகளை வகைப்படுத்திப் பார்த்தார். பகடை போன்ற எண் விளையாட்டு, சதுரங்கம் போன்ற காய் நகர்த்தும் விளையாட்டு, சொல் விளையாட்டு என்று மூன்றாகப் பிரித்தார். சொல் விளையாட்டில் நல்லதாக ஒன்று இல்லை என்று அவருக்குத் தோன்றியது. எட்கர் ஆலன் போ எழுதிய ஒரு கதையில், எந்த எழுத்து அதிகம் வருகிறது என்பதை வைத்தே ரகசியக் குறிப்பைப் படித்துவிடுவார்கள். அது அவர் மனதில் தங்கியிருந்தது.

செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணினார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் லெட்ஜர் போட்டவர்களுக்கு இந்த உழைப்பு புரியும். டேலி ஆகும் வரை எழுந்திருக்க முடியாது.

இன்று நாம் ஆடும் 100 காய்கள் அந்த எண்ணிக்கையிலிருந்து பிறந்தவை. அதிகம் வரும் 'இ' எழுத்துக்கு 12 காய்கள், ஆனால் மதிப்பெண் ஒன்றுதான். அபூர்வமாக வரும் 'க்யூ', 'இசட்' இரண்டுக்கும் ஒவ்வொரு காய், பத்து மதிப்பெண். 'எஸ்' எழுத்தை மட்டும் வேண்டுமென்றே குறைத்து நான்கோடு நிறுத்தினார். எந்தச் சொல்லோடும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிட்டால் விளையாட்டு சுலபமாகிவிடுமே!

முதலில் பலகை இல்லாமல் லெக்சிகோ என்ற பெயரில் செய்தார். பிறகு 1938-ல் குறுக்கெழுத்துப் போல் கட்டம் போட்ட பலகையைச் சேர்த்தார். விளையாட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம் என்றன. தன் கையாலேயே சில பெட்டிகள் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். இதற்கிடையில் கட்டடக் கலை வேலை திரும்பக் கிடைத்தது, அதற்கே போய்விட்டார்.

அப்படி ஒரு பெட்டி வைத்திருந்த ஜேம்ஸ் புரூனோ என்பவர், விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் சிறு தொகை தருவதாகச் சொல்லி 1948-ல் உரிமையை வாங்கினார். விதிகளைச் சற்று எளிதாக்கி, ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்தார். மறு ஆண்டு சுமார் 2,400 பெட்டிகள் விற்றும் 450 டாலர் நஷ்டம். 1952-ல் மேசிஸ் என்ற பெரிய கடை இதை வாங்கி விற்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. செய்து கொடுக்கக் கை போதவில்லை.

பட்ஸுக்குக் கிடைத்தது பெட்டிக்கு ஏறக்குறைய மூன்று சென்ட்தான். உலகமே ஆடும் விளையாட்டுக்கு இவ்வளவுதானா என்று நமக்கு வயிறு எரியலாம். அவருக்கு எரியவில்லை. வந்ததில் ஒரு பங்கு வரிக்கும் ஒரு பங்கு பிறருக்கும் போக, மீதி நிம்மதியாக வாழப் போதும் என்றுதான் இருந்தார். இன்னொரு வேடிக்கை, அவர் ஸ்பெல்லிங்கில் கெட்டிக்காரர் இல்லை. ஆட்டத்தில் நினாதான் அவரை மிஞ்சுவார். 1993 ஏப்ரல் 4 அன்று, 93 வயதில் காலமானார்.

பட்ஸின் கணக்கு உங்கள் ஆட்டத்துக்கும் உதவும். கையில் ஏழு காய்கள் வந்ததும் உயிரெழுத்துகளைத் தனியே ஒதுக்குங்கள். 'இங்', 'எட்', 'எர்' போன்ற முடிவுகள் அமைகின்றனவா என்று பாருங்கள். 'எஸ்' வந்தால் அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள், அது நான்குதான் உண்டு.

உங்கள் வீட்டில் வேலை போன பிள்ளையோ, வேலை தேடும் பிள்ளையோ இருந்தால், சும்மா உட்கார்ந்து எதையோ கிறுக்குகிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். பட்ஸ் எண்ணத் தொடங்கியதற்கும் உலகம் அதைத் திரும்பிப் பார்த்ததற்கும் நடுவே இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த இருபது வருடமும் அவர் வீட்டில் அவரோடு உட்கார்ந்து ஆட ஒருவர் இருந்தார்.

ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள். ஐந்தாவது சொல்லோடு வரும் பிள்ளைக்கு என் செலவில் கடலை மிட்டாய்.